சாத்தையாவுக்கு நன்றி சொல்லாத ஊர்

ஆவாரங்குடியில் பனி பெய்த கதையைப் பூமிநாதன் பல வருடங்களாக நம்பாமல்தான் இருந்தார். பனியை அல்ல. பனி எங்காவது பெய்யத்தான் செய்யும். முதுகுளத்தூருக்குத் தெற்கே, கருவேலத்தைத் தவிர வேறு எதுவும் மனசு வைத்து முளைக்காத பூமியில் அது பெய்தது என்றால் அதற்கு அதன் காரணம் இருந்திருக்கும், வானத்தைக் கூப்பிட்டுவைத்துக் கணக்குக் கேட்க முடியாது. அவர் நம்பாமல் இருந்தது கதையின் பிற்பகுதியில் வருகிற ஒரே ஒரு இடத்தை. கூச்சம் போய்விட்ட ஒரு மனிதனுக்கு மறுநாளே அது திரும்பி வந்தது என்கிற இடத்தை.

மைக் செட் வைத்துப் பிழைக்கிறவர் பூமிநாதன். ஐம்பதைத் தாண்டிய இந்த வயதுவரை எத்தனையோ மேடைகளுக்குப் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்த மாதிரி உட்கார்ந்து, மனிதர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தவர். முன்னால் இருக்கிறவர்களுக்குச் சிரிப்பு மட்டும்தான் தெரியும், பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவனுக்குக் கழுத்து தெரியும். முதல் பொன்னாடைக்கு நெளிகிற கழுத்து அடுத்ததற்கு நிற்கும், அதற்கடுத்ததற்குக் கொஞ்சம் முன்னால் வரும். ஒருமுறை முன்னால் வந்த கழுத்து பிறகு பின்னால் போய் அவர் பார்த்ததில்லை. ஒலி, ஒளி அமைப்பாளர் சங்கத்தில் அவருக்கே ஒருதடவை போர்த்தினார்கள். அன்றைக்குத் தன் கழுத்து தானாக முன்னால் போனதை அவர் உணர்ந்தார். வீட்டுக்கு வந்து அந்தத் துணியைப் பீரோவுக்குமேல் போட்டவர், பிறகு அதை எடுக்கவே இல்லை. ஆவாரங்குடிக் கதை உண்மையென்றால், போனது திரும்பி வரும், தனக்குத்தான் வரவில்லை என்றாகிவிடும். பொய்யென்றால் யாருக்குமே வராது, நிம்மதி. அதனால்தான் அவரால் அந்தக் கதையை விடவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

திருப்பூரிலிருந்து திரும்பி வந்து அப்பாவின் மைக் செட்டை எடுத்து நடத்தத் தொடங்கிய வருடம், ஆவாரங்குடிப் பள்ளிக்கூடத்துச் சுதந்திர தின விழாவுக்கு ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது, ஊராட்சித் தலைவி அழகுமீனாள் வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, மைக்குல யார் பேரை வேணும்னாலும் சொல்லுங்க. சாத்தையா அண்ணன் பேர மட்டும் சொல்லிறாதீங்க."

"ஏன், எதுவும் தகராறா?"

"தகராறுன்னா பேரச் சொல்லிட்டுப் போயிறலாமே. இது ஊர்க் கட்டுப்பாடு. அவரு பட்டாளத்துல இருந்தவரு. அவருக்கு இந்த ஊருல யாரும் நன்றி சொல்லக் கூடாது."

கடைசி வரிசையில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், உயரமான ஒரு மனிதர் கால்மேல் கால் போடாமல் உட்கார்ந்து தேசியக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழா முடிகிறவரை அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. அதைப் போல் ஒரு ஊரே பாடுபட்டு ஒருவரைப் பார்க்காமல் இருந்ததைப் பூமிநாதன் அதற்குமுன் கண்டதில்லை.

கதையைச் சொன்னது சாத்தையாவின் மனைவி முத்திருளாயி. அன்றிலிருந்து வருடா வருடம் விழா முடிந்ததும் அவர்கள் வீட்டில்தான் பூமிநாதனுக்குச் சாப்பாடு. முற்றத்துச் சாக்கில் குண்டு மிளகாயைப் பரப்பிக் காம்பு கிள்ளிக்கொண்டே அவர் சொல்ல ஆரம்பிப்பார். ஆரம்பித்த உடனே சாத்தையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுவார்.

"ஆடு நல்லாத்தான் இருக்கு, உக்காருங்க" என்பார் முத்திருளாயி.

"ஒரு குட்டி இருமுச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் போவார். எல்லா வருடமும் ஒரு குட்டி இருமியது.

சாத்தையா வடக்கே, பனியும் பாறையும் தவிர வேறொன்றுமில்லாத ஒரு உச்சியில், காவல் முகாம் ஒன்றில் இருந்தவர். அங்கே அவருக்கு இட்ட வேலை தண்ணீர் காய்ச்சுவது. பனிக்கட்டியை வெட்டிக்கொண்டுவந்து மண்ணெண்ணெய் அடுப்பில் உருக்கி, துப்பாக்கி பிடிக்கிறவர்களுக்குக் குடிக்கத் தண்ணீராக்கிக் கொடுக்க வேண்டும், அதை அவர்கள் குடித்து முடிப்பதற்குள் அடுத்த பாத்திரத்துக்கு வெட்டிக்கொண்டுவர வேண்டும், வெட்டப் போகிற வழியில் கயிறு கட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லாவிட்டால் பனிக்குள் வாய் பிளந்து கிடக்கிற வெடிப்பில் ஆள் போய்விடுவான், போனவர்களும் உண்டு. கால்விரல்களில் சிலவற்றை அங்கேயே விட்டுவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தார். இதை எல்லாம் அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை, முத்திருளாயிதான் துண்டு துண்டாகப் பொறுக்கி வைத்திருந்தார். "நாட்டுக்காக இம்புட்டுச் செஞ்சிருக்கீங்க" என்று யாராவது ஆரம்பித்தால், அவர் வேட்டியைத் தூக்கிக் கட்டுவார், இறக்கிக் கட்டுவார், "சோத்துக்குத்தானப்பா போனேன்" என்பார், பிறகு எதிரில் இருக்கிறவருடைய ஆடுமாடுகளை எல்லாம் ஒவ்வொன்றாக நலம் விசாரிப்பார்.

அவர் ஊர் வந்து சேர்ந்த வருடம் சுதந்திர தினத்தில் தலைமையாசிரியர் அவரை விடாப்பிடியாக மேடைக்கு இழுத்து, மைக்கைப் பிடித்து, ஊர் சார்பாக நன்றி என்று சொல்லிப் பொன்னாடையைப் போர்த்தினார். ஜரிகை தோளில் படுவதற்குள் பனி பெய்யத் தொடங்கியது. மேடையில் மட்டும், ஒரு மாட்டுவண்டி நிற்கிற அகலத்துக்கு, முருங்கைப் பூ உதிர்கிற மாதிரி ஓசையில்லாமல் பெய்தது. சாத்தையா நெளிந்தார், நெளிய நெளியக் கூடப் பெய்தது. தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வரவேற்புரையின் மிச்சத்தைப் படித்து முடித்தார். பிள்ளைகள் மிட்டாயோடு பனியையும் தின்றார்கள், சத்துணவுக் கூடத்து அம்மா ஒரு விளக்குமாறு கொண்டுவந்து மேடையைக் கூட்டினார். "மலையில ரொம்ப நாளு இருந்தாருல்ல, கூடவே ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்" என்று ஊர் பேசிக்கொண்டது. வெளியூரில் பல காலம் இருந்து வருகிறவர்களோடு ஒரு பாஷையோ ஒரு வியாதியோ ஒட்டிக்கொண்டு வருவதில்லையா, அதைப் போல.

அதற்குப் பிறகு ஊர் அதற்கேற்றபடி நடந்துகொண்டது. வடகம் காயப்போட்ட பெண்கள், சாத்தையா தெருவில் வந்தால், "ஏத்தா, அந்த அண்ணனுக்கு யாரும் எதும் சொல்லிறாதீங்க, மாவு ஈரமாயிரும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்தார்கள். கல்யாண வீட்டில் பந்தலுக்கு வெளியே அவருக்கு இலை போட்டார்கள். ஒருநாள் பேருந்தில் நடத்துநர், "மிலிட்டரிக்காரருக்கு உக்கார எடம் குடுங்கப்பா, நம்மளையெல்லாம் காப்பாத்துனவரு" என்று சத்தமாகச் சொல்லப்போக, பரமக்குடி போகிற அந்தப் பேருந்தின் கண்ணாடியெல்லாம் வெளுத்துக் குளிர்ந்தது. சித்திரை வெயிலில் வெந்துகொண்டிருந்த பயணிகள் இன்னொருதடவை சொல்லச் சொல்லி நடத்துநரைக் கெஞ்சினார்கள். சாத்தையா வழியிலேயே இறங்கி மிச்ச தூரத்தை நடந்தார், விரலில்லாத பாதத்தோடு.

அடுத்த வருடம் மழை பொய்த்தது. அதற்கடுத்த வருடமும் பொய்த்தது. ஆவாரங்குடி ஊருணி குடிதண்ணீருக்கென்றே வெட்டியது. அதில் யாரும் குளிக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, மனிதர் செருப்போடு இறங்கக் கூடாது. அந்த ஊருணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அதன் அடியில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையில் மொண்டு குடத்தை நிரப்பப் பெண்கள் காத்துக் கிடந்தார்கள், பிறகு ஊற்றும் நின்றது. லாரித் தண்ணீர் வருகிறேன் என்று சொல்லிய நாளெல்லாம் வரவில்லை. பிள்ளை பெற்ற ஒருத்திக்கு வாய் நனைக்கத் தண்ணீரில்லாமல் இளநீர் வெட்டிய அன்று, அழகுமீனாள் சாத்தையா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, கேக்கக் கூடாததத்தான் கேக்க வந்திருக்கேன்."

"தெரிஞ்சா கேக்காதம்மா."

"ஊருணிக்குள்ள வந்து உக்காந்தீங்கன்னா போதும். நாங்க சொல்லிக்கிறோம்."

சாத்தையா வேட்டியைத் தூக்கிக் கட்டினார், இறக்கிக் கட்டினார். பிறகு, "வேற எத வேணும்னாலும் கேளும்மா. ரோட்டுல கல்லுடைக்கச் சொல்லு. இது மட்டும் என்னால ஆகாது" என்றார். அழகுமீனாள் தலையைக் குனிந்துகொண்டு போனார். முத்திருளாயி காலிக் குடத்தைத் துடைத்துக் கவிழ்த்துவைத்தார்.

மறுநாள் விடிந்தபோது ஊருணிக் கரையில் ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது. நடுவில், வெடித்த மண்ணின்மேல் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சாத்தையா உட்கார்ந்திருந்தார், பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தவன் முகத்தோடு.

ஊர் வரிசையில் நின்று நன்றி சொன்னது. எதற்கு என்று தெரியாதவர்கள் எல்லாவற்றுக்கும் சொன்னார்கள். எல்லையைக் காத்ததற்கு, தூங்கவிட்டதற்கு, திரும்பி வந்ததற்கு. பனி பெய்தது, வெயில் பட்டு உருகியது, வெடிப்புகள் குடித்து மூடிக்கொண்டன, பிறகு தரை ஈரமானது, பிறகு கணுக்காலுக்குத் தண்ணீர் நின்றது. எளிமையாகச் சொன்னால் கொஞ்சம் பெய்கிறது, அலங்காரமாகச் சொன்னால் அவர் கூடுதலாக நெளிகிறார், கூடுதலாகப் பெய்கிறது என்பதை ஊர் சீக்கிரம் கண்டுகொண்டது. கட்சி மேடைகளில் பேசுகிற அனல் அரியமுத்துவைக் கூட்டிவந்தார்கள். அவர் "இமயத்தின் நெற்றியில் எழுதப்பட்ட எங்கள் இராமநாதபுரத்து வீரத்திலகமே" என்று தொடங்கிய அன்று சாத்தையா காதைப் பொத்திக்கொண்டார், படித்துறையின் அடிப்படி மூழ்கியது. தண்ணீர் ஏற ஏற நாற்காலியைப் படிக்குப் படி மேலே நகர்த்தினார்கள்.

இடையில் ஒரு தப்பும் நடந்தது. பனியில் அவருக்கு உதடு நீலம் பாய்ந்து உடம்பு நடுங்குவதைப் பார்த்துப் பதறிப்போன ஊர், கையில் கிடைத்த கதகதப்பான துணி பொன்னாடைதானே என்று, ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து போர்த்தியது. போர்த்தப் போர்த்தப் பனி கொட்டியது, கொட்டக் கொட்டப் போர்த்தினார்கள். ஜரிகைக் குவியலுக்குள் ஆளே தெரியாமல் போன பிறகுதான், குளிருக்குப் போர்த்தினாலும் பொன்னாடை பொன்னாடைதான் என்று யாருக்கோ உறைத்தது. அப்போது குளிரை நிறுத்தியவன் முத்திருளாயியின் தம்பி குருந்தையா. கரையில் நின்றபடி, மச்சானைக் கேலி பேச மாப்பிள்ளைக்கு உள்ள உரிமையில், கையைத் தட்டிக் கூப்பிட்டான்.

"ஏன் மச்சான், துப்பாக்கிய எந்தப் பக்கம் புடிக்கணும்னாவது உங்களுக்குத் தெரியுமா? அங்கயும் கஞ்சிதானே காச்சுனீங்க. எதிரி வந்தா கரண்டியக் காட்டியிருப்பீங்க."

ஜரிகைக் குவியல் குலுங்கியது. உள்ளேயிருந்து சாத்தையா சிரிக்கிற சத்தம் கேட்டது. பனி நின்று வெயில் வந்தது.

"கரண்டியக் காட்டல மாப்ள" என்றார் சாத்தையா, தலையை வெளியே நீட்டி. "உன் போட்டோவக் காட்டுனேன். ஓடிட்டான்."

அன்றிலிருந்து அது வழக்கமானது. காலையில் ஊர் நன்றி சொல்லும், உச்சிப்பொழுதுக்கு மாமன், மச்சான் முறைக்காரர்கள் வந்து அவரை வாய்க்கு வந்தபடி பேசி வெதுவெதுப்பாக்கி வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர் முகம் தெளிவது அந்த நேரத்தில்தான் என்பார் முத்திருளாயி.

இதுவரை பூமிநாதனுக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் இதற்குப் பிறகு.

ஊருணி பாதி நிறைந்திருந்த ஒரு காலையில் அனல் அரியமுத்து புதுப் பொன்னாடையோடு வந்தார். கட்டையான ஆள், எழுந்து நின்ற சாத்தையாவின் தோளுக்கு அவர் கை எட்டவில்லை. அப்போது சாத்தையா குனிந்தார்.

"ஆமா தம்பி, குனிஞ்சாரு" என்பார் முத்திருளாயி, இந்த இடத்தில் மட்டும் மிளகாயிலிருந்து கையை எடுத்துவிட்டு. "அவருக்கு எட்டட்டும்னு கழுத்த நீட்டிக் குடுத்தாரு. பனி நின்னு போச்சு. ஒரு பொட்டு விழுகல. அரியமுத்து தொண்ட கட்டுற வரைக்கும் பேசிப் பாத்தாரு, வானம் வெறிச்சுன்னு கெடந்துச்சு. ஊரே கரையில வாயடச்சு நிக்குது. ஐப்பசி மழைக்கு இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு, பாதித் தண்ணி எம்புட்டுக்கு வரும்? இவரு எந்திரிச்சு வீட்டுக்கு வந்தாரு. சுவத்தப் பாத்து உக்காந்தாரு. 'பழகிருச்சு முத்திருளு'ன்னாரு. 'அந்த மலையில குளிருகூட எனக்குப் பழகல. இது பழகிருச்சு'ன்னாரு."

"பெறகு?"

"பெறகென்ன. மறுநாளு நான் வரிசையில போயி நின்னேன். என் மொற வந்துச்சு. நன்றி சொன்னேன். மனுசனுக்குக் கூச்சம் திரும்பிருச்சு. பெஞ்சுச்சு பாருங்க, அப்படிப் பெஞ்சதே இல்ல. அன்னிக்கி ஒரு பகல்ல ஊருணி ரொம்பி வழிஞ்சு மறுகால் போச்சு."

அந்த வருடத்துத் தாகம் அதோடு தீர்ந்தது. அன்று மாலையே ஊர் கூடி, இனிமேல் சாத்தையாவுக்கு யாரும், எக்காரணத்தைக் கொண்டும் நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் ஊருக்குத் தெண்டம் கட்ட வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. அவர் வேலிக்கு முள் வெட்டப் போனால் அவர் போவதற்கு முன்னால் முள் வெட்டிக் கிடக்கும். அவர் ஆடு காணாமல்போனால் தேடாமலே திரும்பி வரும். யார் செய்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவரும் கேட்க மாட்டார். பள்ளிக்கூடத்து விழாவில் கொடியேறும்போது, யாரும் அவரைப் பார்க்காமல், எல்லோரும் அவர் இருக்கிற பக்கத்துக்குக் கொஞ்சம் சாய்ந்து நிற்பார்கள். அதைப் பூமிநாதன் பக்கவாட்டிலிருந்து பார்த்திருக்கிறார்.

ஆனால் கூச்சம் திரும்பியதை அவரால் ஏற்க முடியவில்லை. பழகிருச்சு என்று தன் வாயால் சொன்ன மனிதன். கட்டிய பெண்டாட்டி வந்து நின்று நன்றி என்றால் சிரிப்பு வரும், அழுகை வரும், போன கூச்சம் எப்படி வரும்? குருந்தையாவிடம் ஒருதடவை இதைச் சொன்னார். "சந்தேகமா இருந்தா இப்பவே மச்சான்ட்ட போயி ஒரு நன்றி சொல்லிப் பாருங்களேன், தெண்டத்த நான் கட்டுறேன்" என்றான் அவன். பூமிநாதன் கொட்டகைவரை போனார். சாத்தையா ஒரு குட்டியை மடியில் வைத்துக் காதில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். தன் நிம்மதிக்காக இந்த மனிதரை ஒரு நிமிடம் நெளியவைப்பதா என்று நின்றவர், "குட்டிக்கு இருமல் எப்படியிருக்கு?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

இந்த வருடம் விழா முடிந்து குழாயை இறக்கிக்கொண்டிருந்தபோது, குருந்தையா கீழே நின்று வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். ஊருணிப் பேச்சு எப்படியோ வந்தது.

"அந்தக் கடைசி நாளு நீங்க எங்க நின்னீங்க?" என்றார் பூமிநாதன் மேலேயிருந்து.

"கரையிலதான். ஒண்ணும் தெரியல. அக்கா படியில எறங்குனது தெரிஞ்சுச்சு, மச்சான் எந்திரிச்சு நின்னது தெரிஞ்சுச்சு, பெறகு ஒரே வெள்ளை. பனி நின்னதும் நான்தான் ஓடுனேன். அக்காளுக்கு நடக்க முடியல, வெறச்சுப்போச்சு, தலையெல்லாம் பனி, கொண்டையில கட்டி கட்டியா நிக்கிது. முந்தானையத் தூக்கி மொகத்தப் பொத்திக்கிட்டு நிக்கிறா, கையை எடுக்கவே மாட்டேங்கிறா. மச்சான் ஒரு கையி, நான் ஒரு கையி, தாங்கிக் கூட்டிட்டு வந்தோம்."

"மச்சானுக்குக் குளிரலையா?"

"அவருக்கென்ன. நாற்காலியத் தூக்குனது நான்தானே. காஞ்ச நாற்காலி. ஒரு பொட்டு ஈரமில்ல, அவரு வேட்டியிலயும்தான்."

சொல்லிவிட்டுக் குருந்தையா வயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். ஏணியில் நின்றபடி பூமிநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தார். யாருக்கு நன்றி சொல்கிறார்களோ, யார் அதற்குக் கூசுகிறார்களோ, பனி அவர்மேல்தானே பெய்யும். பள்ளிக்கூடத்து மேடையிலிருந்து பேருந்துவரை அப்படித்தானே பெய்தது. சாத்தையா மலையில் பனியை உருக்கிக்கொண்டிருந்த காலமெல்லாம் முத்திருளாயி இதே ஊருணியில் ஊற்றுக்கு முன்னால் சிரட்டையோடு குந்திக் கிடந்தவர், மாமனார் மாமியாருக்கு வாயில் தண்ணீர் விட்டு அனுப்பிவைத்தவர், மகளைக் கட்டிக்கொடுத்தவர், தந்தி வருகிற சைக்கிள் மணிக்குப் பயந்தவர். இதையெல்லாம் அவர் கதையின் நடுவே வேறு எதற்கோ சொல்வதுபோல் சொல்லியிருந்தார். இவ்வளவு வருடங்களில் பூமிநாதனுக்கு அது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. முத்திருளாயிக்கு இதற்குமுன் யார், எந்த மேடையில், ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்? பழகுவதற்கு ஒன்று கிடைத்திருக்க வேண்டுமே.

அவர் இறங்கி வந்தார். மற்றக் குழாய்களை இறக்காமலே தெருவைக் கடந்து முற்றத்துக்குப் போனார். முத்திருளாயி மிளகாய்ச் சாக்கை விரித்துக்கொண்டிருந்தார். சாத்தையா துண்டை எடுக்கக் கை நீட்டியவர், பூமிநாதனின் முகத்தைப் பார்த்து, எடுக்காமல் நின்றார்.

"வாங்க தம்பி, சாப்புடலாம். என்ன, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

பூமிநாதன் சாக்கின் ஓரத்தில், அவருக்கு எதிரே குந்தினார். ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அக்கா, அன்னிக்கி ஊருணிப் படியில நன்றி சொன்னது நீங்களா, அவரா?"